உறை கிழியாத தையல் மெஷின்

என் வீட்டுக்காரர் எதையும் உரிக்க மாட்டார். ரிமோட், சோபா, ஃப்ரிட்ஜ் கைப்பிடி எல்லாம் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடுதான் கிடக்கும். உரித்தால் புதுசு போய்விடுமாம். என்னை மட்டும் எப்படி உறை போடாமல் விட்டார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

போன மாதம் என் பெயரில் வாங்கிய மோட்டார் தையல் மெஷினுக்கும் அதே கதி. மோட்டாரைச் சுற்றி இறுக்கமாக ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் அப்போதுதான் முதல்முறையாக என் கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்காரிக்குப் போய்விடும். பாதி தைத்திருப்பேன், தீய்ந்த வாடை அடித்து மெஷின் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். தாளை உரிக்காமல் ஓட்டியதால் மோட்டாருக்குக் காற்றுப் போகவில்லை, வாரண்டி கிடையாது என்றார்கள். உரிக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது என்று இவர் எகிறினார். அந்தத் தாளிலேயே என்றார்கள். உண்மைதான். தாள் அழுக்காகக் கூடாதென்று இவர் அதன்மேல் துணி உறை போட வைத்திருந்தார். தைத்துக் கொடுத்தவள் நான்.

நுகர்வோர் குறை தீர்க்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், செய்தி கேட்டதும் வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார்.

"வாங்குறவங்கதான் படிச்சுப் பாக்கணும் மச்சான். எல்லாத்துக்கும் அரசாங்கமா வந்து ஊட்டிவிடும்?" என்றார் இவர். வாங்கியவள் நானாம்.

"எறும்பு சைசுல எழுதி வெச்சா யாரு படிப்பா மாப்ளே? கழட்டினாத்தான் ஓடும்னா கம்பெனியே கழட்டிக் குடுக்கணும். அதுக்குத்தான் சட்டம் வேணுங்கறேன்."

இருவரும் போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: மெஷினை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கெஞ்சிக் கேட்கக்கூட வாரண்டி மிஞ்சாது என்றார் இவர். புதன்கிழமை தன் ஆபீஸ் அதிகாரி வந்து பார்க்கும்வரை அது கேஸுக்கு ஆதாரம் என்றார் அண்ணன். திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டேன். வீடு மாறி வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். துணி உறை, தாள் இரண்டையும் சேர்த்து வெட்டி எறிந்தேன். தீய்ந்திருந்தது தாளின் ஓரம்தான். மோட்டார் சூடு தாங்காமல் தானாக நின்றிருக்கிறது. ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். சூடு ஆறியதும் பெடலைக் காலால் அழுத்தினேன். ஓடியது.

சத்தம் கேட்டு இருவரும் ஓடி வந்தார்கள். இவர் கிழிந்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, வாரண்டி போச்சே என்றார். கேஸே போச்சு என்று அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் காலை எடுக்கவில்லை.

"காலையிலேருந்து யார் பொறுப்பு, யார் பொறுப்புன்னு கத்துறீங்களே, இந்த யூனிஃபார்முக்கு யார் பொறுப்புன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? பட்டன் டப்பா அங்க இருக்கு. ஆளுக்கொரு ஊசி எடுங்க."