பன்னிரண்டு வோல்ட் காற்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்யவே தையல்காரர் தயாராக இருந்தார். அந்த அம்மாள் தலையைத் தர மறுத்துவிட்டதால் தன் வழுக்கையிலேயே அடித்துக்கொண்டார். சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இதற்குமேலும் சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

தையல்காரர் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார். திரைச்சீலைக்கு மட்டும் மூன்று விதமான மடிப்பு. மனைவியை ஏற்றிக்கொண்டு கடல் ஓரமாகவே ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த அம்மாளுக்கோ வியர்த்தால் பிடிக்காது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு மத்தியானம் பூரா நான் உள்ள உக்காந்திருப்பேன். ஃபேன் நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா வண்டியை முட்டைக்காரருக்குக் குடுத்துடுங்க. அந்த இடத்துல நான் வெண்டைச்செடி வச்சுக்கறேன்."

முட்டைக்காரருக்கு அந்த வண்டி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். கோழிப்பண்ணைக்கு அதைவிட வாகான கட்டடம் கிடையாது என்பது அவர் கட்சி. தினமும் அக்குளில் ஒரு கோழியோடு வந்து, அதற்கு ஜன்னல் வழியாக உள்ளே காட்டி, அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு போவார்.

சிக்கல் என்னவென்றால், வண்டியில் இருந்தவை பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருந்ததால் சேர்ந்து இருபத்துநான்கு. தையல்காரர் ஆசை ஆசையாக வாங்கி வந்த ஃபேன், விளக்கு, தண்ணீர் மோட்டார், ரேடியோ எல்லாம் காருக்கென்று செய்தவை, பன்னிரண்டுதான் தாங்கும். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் அவனுக்குத் தைத்துக் கொடுத்த பேன்ட் உட்காரும்போது கிழிந்த கதையை அவன் இன்னமும் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிக்கிறான். அவனிடம் போய் நிற்பதா? சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் யாரும் செத்துப்போவதில்லை, கரண்டும் அப்படித்தானே என்று நினைத்துத் தையல்காரர் எல்லாவற்றையும் நேராகவே இணைத்துவிட்டார்.

விளக்கு ஒரு கணம்தான் எரிந்தது. அந்த ஒரு கணத்தில் எதிர்வீட்டுச் சூரியகாந்திகள் எல்லாம் சூரியனை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் திரும்பின. திரும்பிய வேகத்தில் கழுத்து சுளுக்கி, வாரக் கடைசி வரை அப்படியே நின்றன. குழாயைத் திறந்தார். தண்ணீர் பாத்திரத்தில் விழவில்லை, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போயிற்று. தெருக்கோடி வீட்டுக்காரர் மொட்டைமாடியில் அதைப் பிடித்து, கழுவியே அனுப்பிவைத்ததற்கு நன்றி சொன்னார். ரேடியோவில் செய்தி வாசித்த பெண்மணி மூச்சு விடாமல் வாசித்து, இன்றைய செய்திகளை முடித்துக்கொண்டு நாளைய செய்திகளுக்குப் போய்விட்டார். மழை என்றார். மறுநாள் தையல்காரர் வீட்டில் மட்டும் கொடியில் ஒரு துணிகூட நனையவில்லை.

கடைசியில் ஃபேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்த வண்டியை அது அரையடி நகர்த்தியது. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த கோழிக்கு ஓர் இறகு மிச்சமில்லை. முட்டைக்காரர் அதை மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டார். தையல்காரர் அதற்கு ஒரு பனியன் தைத்துக் கொடுத்தார். அளவு கச்சிதம்.

பிறகு எல்லாம் புகைந்து அடங்கின. அதே கடையில் அதே சாமான்களை மறுபடி வாங்கி வந்தார். இந்த முறை தொழில்முறையில் யோசித்தார். இருபத்துநான்கு அங்குலத் துணியில் பன்னிரண்டு வேண்டுமென்றால் நடுவில் வெட்ட வேண்டியதுதானே? இரண்டு பேட்டரிகளும் சேருகிற இடத்தில் ஓர் ஒயரைக் கோத்து, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து எல்லாவற்றுக்கும் கொடுத்தார். ஓடியது. நன்றாகவே ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்.

ஆனால் உழைத்தது ஒரு பேட்டரி. இன்னொன்று சும்மா உட்கார்ந்திருந்தது. சார்ஜரோ பந்தியில் பரிமாறுகிற மாதிரி இரண்டுக்கும் ஒரே அளவு போட்டுக்கொண்டே போயிற்று. உழைத்ததற்குப் பசி ஆறவில்லை, உட்கார்ந்திருந்ததற்கு வயிறு பெருத்தது. பேட்டரிகளுக்குத் தையல்காரர் ஜிப் வைத்து உறை தைத்திருந்தார். பெருத்ததன் உறையைப் பிரித்துப் பிரித்து விட்டதில் உள்தையலில் துணியே தீர்ந்துபோயிற்று. இளைத்ததற்கு இடுப்பில் எலாஸ்டிக் வைக்க வேண்டியதாயிற்று. பசி முற்றவே அது பக்கத்தில் வருகிறவர்களிடம் கைவைக்க ஆரம்பித்தது. அலமாரியில் இருந்த டார்ச் மங்கியது. சுவர்க்கடிகாரம் சோர்ந்து நின்றது. வண்டியில் சாய்ந்து நின்ற முட்டைக்காரருக்குக் கைபேசி அணைந்ததோடு கொட்டாவியும் வந்தது.

ஃபேன் கிழவன் மாதிரி முனகுவதைக் கேட்ட வீட்டம்மா, புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

மச்சினன் வந்தான். இரண்டு உறைகளையும் தடவிப் பார்த்தான்.

"மாமா, இந்தக் குண்டுப் பேட்டரிக்குத் தெச்ச மாதிரி எனக்கும் விட்டுத் தெச்சிருக்கலாம்ல?"

"வந்த வேலையைப் பாரு மாப்ளே."

"ஒருத்தனை மட்டும் வேலை வாங்கிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே சோறு போட்டா எந்த வீடு உருப்படும்? நடுவுல கை வைக்காதீங்க. ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து இருபத்துநாலா வாங்கணும். வாங்கி இந்தப் பொட்டிக்குள்ள விட்டா, அது பன்னெண்டா இறக்கிக் குடுக்கும்."

பெட்டி என்றால் பெரிய பெட்டி இல்லை. சோப்பு டப்பா அளவு. கன்வெர்ட்டர் என்று பெயராம். சூடு ஆறுவதற்காக அதன் முதுகில் உலோகத்தில் வரிசையாக மடிப்பு எடுத்திருந்தார்கள். ஒரு மடிப்புகூடக் கோணவில்லை. அதைப் பார்த்ததும்தான் தையல்காரருக்கு அதன்மேல் மரியாதை வந்தது. பெருத்ததையும் இளைத்ததையும் கழற்றிவிட்டு, ஒரே வயதில் ஒரு புது ஜோடியைப் பூட்டி, ஆளுக்கொரு ஃப்யூஸும் போட்டுவிட்டு மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டான்.

சோதனை நாள் வந்தது. வீட்டம்மா ஒரு தலையணையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே ஒரு பக்கம் தையல்காரர், இன்னொரு பக்கம் அளவு நாடாவும் பனியன் போட்ட கோழியுமாக முட்டைக்காரர். ஃபேன் சுற்றியது. சூரியகாந்தி திரும்பவில்லை, வண்டி நகரவில்லை, ஒரு மனுஷனுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. இவ்வளவு சாதுவான ஃபேனைப் பார்த்துத் தையல்காரருக்கே கொஞ்சம் சப்பென்று இருந்தது.

வெயில் தாழ இன்னும் நேரம் இருந்தபோது சத்தம் நின்றுபோயிற்று.

தையல்காரர் வழுக்கையில் கைவைத்துக்கொண்டார். கடலும் போயிற்று, கட்டிலும் போயிற்று. மச்சினன் தரையைப் பார்த்தான். முட்டைக்காரர் கோழியைக் கீழே விட்டு, நாடாவைப் பிரித்து, வண்டியின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. வீட்டம்மா முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு படியில் நின்றார்.

"ஏங்க, நான்தான் நிறுத்தினேன். குளிருது." முட்டைக்காரர் கையில் இருந்த நாடாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடல் பக்கம் இதைவிடக் குளிரும். கம்பளி ரெண்டு எடுத்து வைங்க," என்றார்.

முட்டைக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். தையல்காரர் கம்பளியைத் தேடிப் போனவர், கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துவிட்டுத்தான் எடுத்து வந்தார். விடிந்ததும் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஃபேன் ஓடியது, குழாய் ஓடியது, ரேடியோ அன்றைய செய்தியை அன்றன்றைக்கே வாசித்தது.

அந்த மினி பஸ்ஸுக்கு அதற்குப் பிறகு இன்றுவரை வேறு பேட்டரி வாங்கவில்லை.