கடைமடைக் கண்டனம்

"பொதுமக்கள் மீதான தாக்குதலுக்கு இந்தியா கடும் கண்டனம்" என்று தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடியதும், இரண்டு நாளாகத் தொடாத காப்பியை இளையபெருமாள் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இனி கவலையில்ல மங்களம். கண்டிச்சாச்சு. மூணாம் நாள் சண்டை நின்னுடும்."

மனைவி மங்களாம்பிகை போனை எடுத்து மறுபடி அழைத்தாள். மகன் அன்பரசன் வளைகுடாவில் லிஃப்ட் மெக்கானிக். அவன் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் ஏதோ வந்து விழுந்து இரண்டு நாள். அன்றைக்கு ஒரு குரல்பதிவு வந்தது, அதோடு சரி. அவன் எண்ணை அழைத்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். இளையபெருமாளுக்கு அது ஆறுதலாகக் கேட்டது. மங்களாம்பிகைக்கு அப்படிக் கேட்கவில்லை.

கண்டனத்தின் பலம் இளையபெருமாள் அனுபவத்தில் கண்டது. ஒரு குறுவையில் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்த அவர் வயல் வரை தண்ணீர் வராமல் நாற்று கருகியது. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று, கை கூப்பிய தன் படத்தையும் போட்டு, மதகுச் சுவரில் அவரே சுவரொட்டி ஒட்டினார். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் ஒரு விரால் வரப்பைத் தாண்டி, கொல்லை வழியாக வந்து, அடுப்பில் கொதித்த புளிக்குழம்புக்குள் தானாகவே விழுந்தது. விழுமுன் உப்பு போதுமா என்று கேட்டதாகவும் சொல்வார். அந்த ஓர் இடம் மட்டும் மிகை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாளும் வந்தது. தொலைக்காட்சியில் "மீண்டும் கண்டனம்" ஓடியது.

"வாயால சொல்லிட்டு விட்டுட்டாங்க," என்றார். "ஒட்டணும்ல? ஒட்டாத கண்டனம் எப்படிப் புடிக்கும்?"

"கதைய விடுங்க. எனக்கு அவன் குரலக் கேக்கணும்."

அவர் சீர்காழிக்குப் பஸ் ஏறினார்.

அச்சகத்துச் செல்லதுரை, கை கூப்பிய பழைய படத்தைக் கணினியில் தேடி எடுத்தான்.

"வன்மையாகவா, மிக வன்மையாகவா பெரியப்பா?"

"மிக."

"யாரை?"

"டிவில சொன்னாங்களே, அதுல பாரு," என்றார் இளையபெருமாள். செல்லதுரை தன் போனில் அந்த அறிக்கையை மேலிருந்து கீழ்வரை படித்தான். தாக்குதல் கண்டிக்கத்தக்கது, எல்லாத் தரப்பும் பொறுமை காக்க வேண்டும்.

"கண்டிச்சவங்களே பேர் போடலையே!"

பெரியவர் மகனின் குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். "அப்பா, பயப்படாதீங்க. ஒருத்தன் விட்ட ராக்கெட்ட இன்னொருத்தன் வானத்துலயே அடிச்சுட்டான். ஒடஞ்சது எங்க பில்டிங் மேல விழுந்துடுச்சு. நான் வெளியில வந்துட்டேன். பக்கத்துக் கட்டில் ரெமிஜியஸ்தான் இன்னும் வரல, நாகப்பட்டினத்துப் பையன். உள்ள போய்ப் பாத்துட்டு வந்து..." அவ்வளவுதான்.

செல்லதுரை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "விட்டவனப் போடவா, அடிச்சவனப் போடவா?"

தண்ணீரை அடைத்த அதிகாரி ஜீப்பில் வருவான், சுவரொட்டியைப் பார்த்துக் கத்துவான், பிறகு திறந்துவிடுவான். இவன் எந்தச் சுவர் பக்கம் வருவான்? வாழ்நாளில் முதல்முறையாக இளையபெருமாளுக்குப் பொய்யாகக்கூட ஒரு பெயர் வாயில் வரவில்லை.

"எடம் விட்டு அடி," என்றார். "தெரிஞ்சதும் எழுதிக்கறேன்."

சாயங்காலம் மதகுச் சுவரில் பசையை வழித்து வழித்துத் தடவி ஒட்டினார். மேலே அவர் முகம், கூப்பிய கை. கீழே "மிக வன்மையாகக் கண்டிக்கிறோம்". நடுவில் ஒரு முழம் வெள்ளை. எட்டி நின்று பார்த்தபோது, அந்த வெள்ளையைப் பார்த்து அவரே கும்பிடுவது போலிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த நாட்டு எண்தான், அன்பரசனுடையது அல்ல. பச்சை வட்டத்தை இழுத்தார். பசை விரல் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். வேட்டியெல்லாம் பசை. பின்னால் ஓர் ஆடு சுவரில் காலை ஊன்றி எழும்பி, வெள்ளைப் பகுதியிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாய்க்காலில் இறங்கி, ஓடும் தண்ணீருக்குள் வலது கையை விட்டு, விரல் விரலாகக் கழுவினார்.