பாதி தேய்த்த விளக்கு

1.

கீழே இறங்கிப் போகாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

என் மேசை நான்காவது மாடியில், ஜன்னலை ஒட்டி. கீழே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு வாளி, ஒரு பாலிஷ் மெஷின், ஒரு பெண். மஞ்சளேறிப்போன கார் விளக்குகளைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கித் தருவது அவள் தொழில். அவள் என் அக்கா. இந்தக் கட்டடத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். உங்களோடு மூன்று.

முதலில் எழுதிய தொடக்கம்: "மங்கிய கண்ணாடிக்குள்ளே சிறைப்பட்ட சூரியன் போல—"

(அடித்துவிட்டேன். அது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். அக்கா படித்தால் "சூரியன்தான்டா அதைக் கெடுத்ததே" என்பாள்.)

2.

தொழிலைச் சொல்லாமல் கதை நகராது. விளக்கின் மூடி வெயிலில் கிடந்து கிழட்டுப் பல்லின் நிறத்துக்கு வந்துவிடும். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் தொட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று மென்மையான தாளாக நான்கு தாள் தேய்க்க வேண்டும். முதல் தாளில் விளக்கு இன்னும் மோசமாகும். பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். வண்டிக்காரன் பதறிக்கொண்டு ஓடி வருவான். பிறகு பசையும் மெஷினும். கடைசியில் வெயில் தாங்கும் மேல்பூச்சு. அது இல்லாமல் விட்டால் பளபளப்பு சில வாரம்தான். பிறகு முன்பைவிட வேகமாக மஞ்சளாகும்.

அவளுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. யாரையும் கேட்காமல் ஒரு விளக்கின் நடுவில் டேப் ஒட்டி, பாதியை மட்டும் காசில்லாமல் தேய்த்து, டேப்பைப் பிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

"வாய் விட்டுக் கேட்டா பிச்சைடா. பாதி தேய்ச்சு விட்டா வியாபாரம். மீதிப் பாதிக்கு அவனே தேடிக்கிட்டு வருவான்."

3.

அக்கா என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதாவது, நான் எழுதும் அக்காவின் மேல். பேனாவை எடுத்தாலே அவள் பாவப்பட்டவளாகிவிடுகிறாள். நிஜத்தில் அவளைப் பாவம் என்று சொன்னவன் பல்லோடு வீடு திரும்பியதில்லை. ஈரத்தாளில் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் ரேகை அழிந்துவிட்டது. எந்த மெஷினில் வைத்தாலும் பதியாது. "கொலையே பண்ணாலும் மாட்ட மாட்டேன். யாரையாவது முடிக்கணும்னா சொல்லு" என்பாள்.

(இந்த இடத்தில் "என் படிப்புக்காக அவள் செங்கல் சுமந்தாள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. உண்மைதான். ஆனால் உங்களைக் கலங்கவைத்து, என் மேல் வரப்போகும் கோபத்தைக் கழுவிக்கொள்ளத்தான் அதை வைத்தேன். எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வைத்திருக்கிறேன், பாருங்கள்.)

அந்த மூலை கிடைத்த அன்று சொன்னாள்: "ஆபீஸ்ல பாத்தா அக்கான்னு கூப்பிட்டு வைக்காத. உனக்கு ஒருமாதிரி இருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அன்றிலிருந்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

4.

நேற்று அவள் எங்கள் மேனேஜரின் காரில் பாதி தேய்த்துவிட்டாள். சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது. நானும் போய் நின்றேன்.

"யாரைக் கேட்டு என் வண்டியில கை வச்சீங்க?"

"கை வைக்கல சார், தாள்தான் வச்சேன். அந்தப் பாதியைப் பாத்துட்டுத் திட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் குனிந்து பார்த்தார். கோபம் பாதியாகக் குறைந்ததை நானே கண்டேன்.

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர் பேர் தெரியாத ஆளை உள்ள விட்டு, நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா யாரு பதில் சொல்றது? நம்ம ஸ்டாஃப் யாராவது, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு பொறுப்பு ஏத்துக்கிட்டா இருக்கட்டும். இல்லன்னா நாளைக்குச் சாயங்காலத்தோட இடத்தைக் காலி பண்ணிடணும்."

சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் நான். "உங்களுக்குத் தெரியுமா?"

முதல் வரைவு: "என் அக்கா சார்" என்றேன். (எழுதிவிட்டுப் படித்தேன். மனசு நிறைந்தது. பொய்.)

இரண்டாம் வரைவு: "தெரியாது சார்" என்றேன். (கதைக்கு இது இன்னும் பொருத்தம். இதுவும் பொய். அதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும்.)

நடந்தது: நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இந்த சாரா? இவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார். இந்தப் பக்கமா போவாரு, வருவாரு."

சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் சொன்னாள். எனக்குள்ளிருந்து ஒரு மூச்சு இறங்கியது, மூட்டையை இறக்கி வைத்த ஆளுக்கு வருமே, அது. எங்கள் அப்பா மூட்டை தூக்கியவர். அந்த மூச்சை அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் வாளித் தண்ணீரை மாற்றப் போனாள்.

5.

என் காரைக் கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் நிறுத்துவேன். இந்த வளாகத்திலேயே மிக மஞ்சளான விளக்கு என்னுடையதுதான்.*

* விளக்குத் தேய்ப்பவளின் தம்பி வண்டி. வைத்தியர் வீட்டுச் சொறி.

இன்று காலை ஏதோ எடுக்கப் போனேன். இடது விளக்கில் பாதி தெளிந்திருந்தது. நடுவில் டேப். மாதிரிக்குத் தேய்த்தால் அவள் டேப்பைப் பிரித்துவிடுவாள் என்று சொன்னேன் அல்லவா? பிரிக்கவில்லை. டேப் இருந்தால் வேலை நிற்கிறது, வண்டிக்காரன் வர வேண்டும் என்று பொருள். மேல்பூச்சும் அடிக்கவில்லை.

மன்னிப்பா, சவுக்கடியா? ("அன்பின் மௌன மொழியில் அவள்—" சீ.) "தம்பின்னா என்ன, மஞ்சளாத்தானே இருக்கு" என்று தேய்த்திருக்கவும் கூடும்.

6.

இப்போது மதிய இடைவேளை. மேனேஜர் கீழே நிற்கிறார். காலி பண்ணச் சொன்ன ஆளே, அவள் போவதற்குள் மீதிப் பாதியை முடித்துத் தரச் சொல்லி வந்து நிற்கிறார். அவள் டேப் ஒட்டுகிறாள். சுற்றி என்னோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நான் இறங்கிப்போய் எல்லார் முன்னாலும் "அக்கா" என்று கூப்பிடுவதாக முடிக்கலாம். நன்றாக எழுத வரும். பளபளப்பு எனக்குக் கைவந்த வேலை. அவள் கிளம்பிப்போன மூலையில் ஈரத் தடம் காய்வதாகவும் முடிக்கலாம். அதையும் நன்றாக எழுதுவேன். அதனால் இரண்டும் வேண்டாம். இனி ஒரு வரி எழுதினாலும் நான் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று ஆகிவிடும். இதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

(இருக்கிறது. அந்த வரி நன்றாக வந்திருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். அக்கா இப்போதுதான் முதல் தாளை நனைக்கிறாள். இன்னும் மூன்று தாள் இருக்கிறது. நேரம் இருக்கிறது, என்று எழுதுகிறேன்.)