பெல்ட் சத்தம்

கண்காட்சி அரங்குக்குள் நுழைந்ததுமே தரையில் கறுப்பு ரப்பர்ப் பட்டை ஒன்று கிடந்தது. அன்புக்கரசி அதில் இரண்டு பாதங்களையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். பின்னால் வந்த மகள் இசைப்பிரியாவும் அப்படியே தேய்த்தாள். சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து தேய்ந்ததும் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டின் துண்டு இல்லாத வீடு அவர்கள் தெருவில் கிடையாது. வாசலுக்கு மிதியடி அதுதான், குளிக்கிற இடத்துக்கு மறைப்பும் அதுதான்.

"எம்மா, எறங்கு எறங்கு! அது சிலை!" காவலுக்கு இருந்த கொளஞ்சியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"இதுவா? எங்க வூட்டு வாசல்லயே கெடக்குதே."

"எங்க வூட்லயுந்தான் கெடக்குது, மாட்டுக் கொட்டாயில. இங்க லைட்டு போட்டு வெச்சிக்கிறாங்க. அதனால சிலை."

அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். தரையில் நீண்டு போன பெல்ட் அரங்கின் நடுவே சுருண்டு எழுந்து கூரை வரை போய், மறுபடி எதிர்ப்பக்கத் தரையில் இறங்கியிருந்தது. சுவர்களில் ராட்சத இயந்திரங்களின் புகைப்படங்கள். அவள் எதிலும் நிற்கவில்லை. கடைசிச் சுவரில் ஓடிய வீடியோவை நோக்கி மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் கணவன் இளவழகனோடு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த ராயப்பன்தான் வந்து சொல்லியிருந்தான். "டவுன்ஷிப்ல படம் போட்டுக்கினு இருக்காங்க அண்ணி. அண்ணன் அதுல வேல செய்யறாரு. நாளைக்கோட முடிச்சிடுவாங்களாம்." கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மஞ்சள் காமாலை வந்து இளவழகன் இறந்துபோனபோது இசைக்கு நாலு வயது. இப்போது ஆறு. போன மாதம் சோறு தின்றுகொண்டே, "அப்பா எப்டிம்மா பேசும்?" என்று கேட்டாள். அன்புக்கரசி பேசிக் காட்டப் பார்த்தாள். அவள் குரல்தான் வந்தது. கல்யாண வீடியோவில்கூட அவன் பேச்சு இல்லை. முழுக்கப் பாட்டுப் போட்டு மூடியிருந்தார்கள்.

திரையில் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே சிந்திய பழுப்பு நிலக்கரியைச் சிலர் மண்வெட்டியால் வாரி மேலே போட்டார்கள். ஓரத்தில் முகத்தில் துண்டு கட்டியிருந்தவன் நிமிர்ந்து, முழங்கையால் மூக்கைத் தேய்த்தான். அவன்தான்.

"எதும்மா அப்பா?"

விரலை நீட்டுவதற்குள் படம் மாறிவிட்டது. மறுபடி வரும்வரை அன்புக்கரசி சுவருக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மறுபடி வந்தது. மூக்கைத் தேய்த்தான், போனான். இயந்திர இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

பெல்ட்டின் மறுமுனையை ஒட்டி மேசை போட்டு ஹரிணி உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்தவள் அவள்தான். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட்.

"இதுல யாரும் பேசறதே கேக்கலயேம்மா?"

"பேச்சையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. மிஷின் சத்தம் மட்டும் போதும்னு தோணிச்சு."

"எடுத்தத எங்க போட்டீங்க?"

ஹரிணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அன்புக்கரசியின் கை திரைப்பக்கம் நீண்டது. "அந்தத் துண்டு கட்டினவரு... இவ அப்பா. இப்ப இல்ல."

ஹரிணி லேப்டாப்பைத் திறந்தாள். கோப்பு மேல் கோப்பாகத் திறந்து மூடினாள். அன்புக்கரசிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அவன் ஒன்றுமே பேசாமல் இருந்திருந்தால்? அன்று துண்டை அவிழ்க்காமலே வேலை பார்த்திருந்தால்?

"ஒரு எடத்துல எங்கிட்டப் பேசுறாருக்கா. நான் பெல்ட்டுக்கு ரொம்பக் கிட்டப் போயிட்டேன்." ஹரிணி ஹெட்போனை எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் இரைச்சல் காதை அடைத்தது. அதற்கு அடியிலிருந்து, துண்டுக்குள்ளிருந்து, கரகரத்து வந்தது.

"ஒதுங்கி நில்லும்மா. பெல்ட் ஓடிக்கினு கெடக்குது."

அவ்வளவுதான். அந்த 'ம்மா'வை அவன் வீட்டில் இழுத்து இழுத்துச் சொன்னது மகள் ஒருத்தியிடம் மட்டும்தான்.

ஹெட்போனைக் கழற்றி மகளின் தலையில் மாட்டினாள். அது பெரிதாக இருந்ததால் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டாள். ஹரிணி மறுபடி ஓடவிட்டாள். தாயும் மகளும் பெல்ட்டின் மேல்தான் நின்றிருந்தார்கள். கொளஞ்சியப்பன் தூரத்திலிருந்து பார்த்தார், இந்த முறை இறங்கச் சொல்லவில்லை.

இசை இரைச்சலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு சுளிப்பு நின்றது. குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். ஒவ்வொரு காலாக எடுத்து பெல்ட்டை விட்டுத் தரையில் இறங்கினாள். இறங்கி நின்றுகொண்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.