தண்ணி கேட்டவன்

காப்பார் ஊர்ச் சாப்பாட்டுக் கடை முன்னால் மேசைகள் கவிழ்ந்து கிடந்தன. அசாருதீன் ஆம்புலன்சை நிறுத்தியதுதான் தாமதம், ஒருவன் பாராங் கத்தியால் வண்டிக் கதவை வெட்டினான். தகரம் கிழிந்தது.

"இறங்குக்கா! என் தம்பிய ஏத்து!"

வெட்டியவன் யுகேந்திரன். அவன் தம்பி லோகன், பாதி அறுந்த காதோடு, சட்டை முழுக்க ரத்தம் வழியக் கத்திக்கொண்டிருந்தான்.

மருத்துவ உதவியாளர் மாதவி இறங்கினாள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. கத்தாதவன் எங்கே?

கால்வாய் ஓரத்தில் எதிர்க் கும்பல்காரன் ஒருவன் சாய்ந்து கிடந்தான். அவன் கூட்டாளிகள் எப்போதோ ஓடிவிட்டார்கள். உடம்பின் மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"தண்ணி... தண்ணி..."

"வாசுப் பய அடி வாங்கியும் தண்ணி கேக்குறான் பாரு!" யுகேந்திரன் சிரித்தான். "ஊத்துங்கடா!"

ஒருவன் பியர் போத்தலை வாசுவின் தலையில் கவிழ்த்தான். இன்னொருவன் விலாவில் உதைத்தான். வாசு முனகக்கூட இல்லை.

வெறும் போதைதானோ என்று மாதவிக்கும் ஒரு கணம் தோன்றியது. குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூலாக ஓடியது. தோல் சில்லிட்டு வியர்த்திருந்தது. சட்டையைத் தூக்கினாள். இடது விலாவில் இரும்புக் குழாயின் நீலத் தடம். வயிறு பலகையாக இறுகியிருந்தது. ரத்தம் உள்ளே கொட்டுகிறது. இது ரத்தம் இழந்தவனின் தாகம்.

"இவருதான் முதல்ல."

ஸ்ட்ரெச்சரை இழுத்து வந்த அசாருதீனின் வாயில் யுகேந்திரனின் பாராங் பிடி இறங்கியது. பல் ஒன்று சிமெண்டில் தெறித்தது. அடுத்து பாராங்கின் முனை மாதவியின் கழுத்துக்கு வந்தது.

"விளையாடுறியா? எங்க ஆளு சாவுறான், அந்த நாய ஏத்துறியா?"

மாதவி லோகனைக் கைகாட்டினாள். "தம்பி பொழைப்பாரு. இன்னொரு வண்டி வருது. அதுவரைக்கும் காத அழுத்திப் பிடிக்கணும். ரெண்டு கையும் வேணும்."

யுகேந்திரன் அசையவில்லை.

"அண்ணே, ரத்தம் ஓடுது! புடிண்ணே!" லோகன் அலறினான்.

பாராங் தரையில் விழுந்தது. மாதவி யுகேந்திரன் கையில் பஞ்சுக்கட்டைத் திணித்து, லோகன் காதின் மேல் வைத்து அழுத்தினாள்.

வாசுவை ஏற்றிக்கொண்டு அசாருதீன் ரத்தம் துப்பியபடியே ஓட்டினான். மாதவி வாசுவுக்கு டிரிப் ஏற்றினாள்.

"தண்ணி..."

"குடிக்கக் கூடாது. ஆப்பரேஷன் இருக்கு."

கிள்ளான் ஆஸ்பத்திரி நெருங்கும்போது வாசு கேட்பதை நிறுத்திவிட்டான்.

மாதவி அவன் கன்னத்தில் அறைந்தாள். "வாசு! கேளுங்க! தண்ணி கேளுங்க!" மறுபடி அறைந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறந்தபோது அவன் உதடு அசைந்தது. மாதவி காதை வைத்தாள்.

"நான் கேட்டது... பச்சத் தண்ணிக்கா."