இரண்டு அவுன்ஸ் தண்ணீர்

ஐம்பத்தாறில் மகாபலிபுரம் ரோட்டு வளைவில் குறுக்கே வரிவரியாகக் கருங்கல் பதித்தோம். பஸ்கள் வேகத்தைக் குறைக்கட்டும் என்றுதான். முந்தின வருஷம் அங்கே அடிபட்டு இறந்தது தோல் வியாபாரி பஷீருதீனின் மூத்த பெண். இப்போது, வீடு அதிருகிறது, கல்லைப் பெயர்த்து எடுங்கள் என்று மனுப் போட்டிருப்பவரும் அதே பஷீருதீன்.

அதிர்வை அளந்து வா என்றது ஆபீஸ். கருவியா கொடுத்தார்கள்? செம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தட்டில் வை. வண்டி போகும்போது இரண்டு அவுன்ஸுக்கு மேல் சிந்தினால் கல்லை எடு. இதைக் கண்டுபிடித்த மகானுக்கு என்னைப்போல் மூன்று மடங்கு சம்பளம். ஓவர்சியர் ராமானுஜத்துக்கு, அதாவது எனக்கு, வாய்த்தது செம்பு.

அதை வைக்க வேண்டியது ரோட்டை ஒட்டிய உள்ளறையில். பெண்கள் இருக்கும் இடம். நான் போக முடியாது. மனுதாரர் செம்பைத் தொடக்கூடாது என்று விதி. ஆகவே அவர் மனைவி ஷரீபுன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து அளவு சொல்வதென்று முடிவாயிற்று.

பதினொரு மணி பஸ் வந்தது. என் பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது. ஓட்டுச் சில்லு ஒன்று தோளில் விழுந்தது.

"எவ்வளவும்மா சிந்தியிருக்கு?"

"ஒண்ணும் சிந்தல, சார்."

"இன்னா சொல்றே நீ? வூடே ஆடிச்சு!" என்று கத்தினார் பஷீருதீன்.

அடுத்து கல் லாரி. "சிந்தல." பிறகு உப்பு லாரி. "சிந்தல."

திரைக்கு அடியில் தண்ணீர் ஓடி வந்து என் காலை நனைத்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்னைப் பார்த்தா முட்டாளாத் தெரியறதா? அப்ப இது என்னம்மா?"



"இன்னும் ரெண்டு பொண்ணு கீது, சார். கல்லு கீறதாலதான் பஸ்ஸு மெள்ள வருது. வூடு ஆடினா ஆடட்டும்."

'சிந்திய அளவு: இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்காகப் பஷீருதீனிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி லாரி போறப்பல்லாம் தூக்கிவாரிப் போடுது, சார். ஓடிப்போயி ரெண்டும் படுத்துகினு கீதான்னு தொட்டுப் பாக்கறேன். கல்லு போட்டதிலேருந்து தூக்கமே இல்ல. நா எப்பத்தான் தூங்கறது?"



"இனிமே நா முழிச்சிகினு இருக்கேன்," என்றாள் ஷரீபுன்னிசா, திரைக்குப் பின்னாலிருந்து. "நீங்க தூங்குங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.