கையைக் கட்டிக்கொண்டு நின்ற நர்ஸ்

கோதண்டம் பிழைத்துக்கொண்டார். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் பாதிப் பேர் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே பேசி முடித்து, அந்த டீக்கடை இனி யாருக்கு என்பது வரைக்கும் வந்திருந்தார்கள். நம் ஜனங்களுக்கு அவசரம் அதிகம்.

நடந்தது எழுபத்து நாலில். திருப்பதி பஸ் வந்து நின்ற நேரம், கையைத் தலைக்கு மேல் ஓங்கி டீ ஆற்றிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாயும் கோணிக்கொண்டது. யாரோ ஒரு லாரியை நிறுத்தி, திருத்தணி மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜெபதுரை டாக்டர் இரவும் பகலுமாகப் பார்த்துவிட்டு, "உயிருக்கு இனிமே பயமில்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த கோதண்டத்தின் மனைவி ரத்தினம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் பசித்தது. பன் வாங்கித் தின்றாள்.

உயிர் வந்தாயிற்று. காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சு குழறினாலும் நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. வராதது வலது கை ஒன்றுதான். "இந்த ரெண்டு மாசத்துக்குள்ள அசைஞ்சா உண்டு. சும்மா போட்டு வெச்சா அப்படியே விறைச்சுக்கும், அப்புறம் யார் வந்தாலும் ஒன்னும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீ ஆற்றுகிறவருக்கு வலது கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? ரத்தினம்மாளுக்கு அந்த ஒரு கவலைதான், எழுந்தாலும் படுத்தாலும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் யூனிஸ் என்கிற நர்ஸ் வந்து வாய்த்தாள். அரக்கோணத்து ரயில்வேக்காரர் மகள், முப்பது வயசு இருக்கும். வேலூருக்குப் போய் மேல்படிப்பு படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அவளைக் கண்டாலே ரத்தினம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? கோதண்டம் இடது கையால் சட்டைப் பொத்தானைத் துழாவுவார், தவற விடுவார், திரும்பத் துழாவுவார். இவள் கட்டிலோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கண்றாவி.

ஒருநாள் ரத்தினம்மாள் கேட்டேவிட்டாள். "ஏன் நர்ஸம்மா, இப்படி நின்னு வேடிக்கை பாக்கத்தான் வேலூரு போயி படிச்சிட்டு வந்தீங்களா?"

"ஆங், அதுக்குத்தாம்மா போனேன்" என்றாள் யூனிஸ். கோபமே வரவில்லை அவளுக்கு. அதுவே ரத்தினம்மாளுக்கு இன்னும் எரிச்சல். "மூச்சு வுடறது, சாப்பிடறது, வெளிக்குப் போறது, தூங்கறது, துணி கட்டறது, குளிக்கறது, பேசறது, சாமி கும்பிடறது, வேலைக்குப் போறது, நாலு பேரோட சிரிச்சிகினு இருக்கறது. மனுஷனுக்கு வேண்டியது இதெல்லாம்தான? தெம்பும் மனசும் இருந்து, வழியும் தெரிஞ்சா அவரே செஞ்சிப்பாரு. இப்போ எது குறையுதோ அத்த மட்டும் நாம குடுக்கணும். அது திரும்பி வரவர நாம கைய எடுத்துகினே வரணும். எடுக்கலன்னா அவரு காலம் பூரா நோயாளிதான்."

அழகாகத்தான் பேசினாள். ரத்தினம்மாள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். ஆனாலும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. பொத்தானை விட்டாள், முகம் கழுவுவதை விட்டாள், கக்கூஸுக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போவதையும் விட்டாள். சோறு ஊட்டுவதை மட்டும் விடவில்லை. தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உருட்டி உருட்டி அவர் வாயில் வைத்தாள். "கைக்கு அதுதாம்மா முதல் வேலை, சோத்துக்குன்னா எந்தக் கையும் எழும்" என்று யூனிஸ் கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். ரத்தினம்மாள் மசியவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கோதண்டம் கட்டையாகக் கிடந்த அன்று, அவள் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அவருடைய வலது மணிக்கட்டில் கட்டினாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி அவர் தலைமாட்டில் குனிந்து முணுமுணுத்தாள். "முருகா, ஒரு மண்டலம் இவரு வாய்க்குப் போற சோறு என் கையாலதான் போவும். ஒரு வாய் தப்பினாலும் இவரு கைக்குப் பதிலா என் கைய எடுத்துக்கோ." வேண்டுதல் முடியும்வரை அதை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதிலும் சிலுவை மாட்டிய நர்ஸிடம் போய் இதை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் யூனிஸ் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "இந்த ஒரு வேளை நீங்க வெளிய இருங்க. எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ரத்தினம்மாள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு பருக்கை அவராக எடுத்து வாயில் போட்டாலும் போச்சு. தன் கை போனால் போகட்டும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகா, அவரு சாப்பிடக் கூடாது. ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது." புருஷன் பட்டினி கிடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்ட பெண்டாட்டி அந்த மலையடிவாரத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

கதவு திறந்தது. யூனிஸ் வெளியே வந்தாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. "வாயே திறக்கல. பல்ல கடிச்சிகினு அந்தப் பக்கம் திரும்பிகினாரு" என்றாள். முகம் வாடிப் போயிருந்தது.

ரத்தினம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

யூனிஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். "அம்மா, புருஷன் சாப்பிடலன்னு சிரிக்கிற பொண்டாட்டிய நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இன்னா விஷயம் சொல்லுங்க. அவருக்கு மனசே இல்லன்னா கட்டில அடைச்சிகினு இருக்க வேணாம், வீட்டுக்கு அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்றாரு. வீட்டுக்குப் போனா அந்தக் கை அவ்ளோதான்."

ரத்தினம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அழுகைதான் வந்தது. யூனிஸ் அவள் தோளைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த கோதண்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, ஏன் சாப்பிடல?" என்று யூனிஸ் கேட்டதும், இடது கையால் தன் வலது மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்தார். மஞ்சள் முடிச்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு ரத்தினம்மாளின் வலது கையை எட்டிப் பிடித்து, இது போய்விடக் கூடாது என்பதுபோல் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

ரத்தினம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டையாகக் கிடந்தார் என்று அவள் நினைத்த அன்று அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. பசியோடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது இவள் கைக்காகத்தான். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் டீக்கடைக்காரருக்குத் தன்மேல் இத்தனை பிரியம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவரும் ஒருநாள்கூடச் சொன்னவர் இல்லை. தேம்பித் தேம்பி வேண்டுதலை முழுவதும் சொன்னாள். அவர் காதில் விழுந்த பிறகு அதில் ரகசியம் என்ன ரகசியம்.

யூனிஸ் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கப்போகிறாள் என ரத்தினம்மாள் எதிர்பார்த்தாள். யூனிஸோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாமி கும்பிடறதும் மனுஷனுக்கு வேண்டியதுன்னு உங்ககிட்ட நானேதான் சொன்னேன். சோறு ஆச்சா, குளிச்சாச்சான்னு கேட்டனே ஒழிய, அத்த ஒருநாளும் கேக்கல. தப்பு என்னுதுதான்" என்றாள். அப்புறம் முடிச்சைத் தொடாமல் அவர் கையைத் தூக்கிப் பார்த்தாள். "வேண்டுதல ஒடைக்க வேணாம். சோறு உங்க கையாலதான போவணும்? போவட்டும். ஆனா உங்க கைய அவரு கை தூக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ரத்தினம்மாள் சோற்றைப் பிசைந்து உருட்டிப் பிடிப்பாள். அவள் புறங்கைமேல் அவருடைய வலது உள்ளங்கையை வைத்து, நழுவாமல் ஒரு துணிப்பட்டையால் யூனிஸ் தளரச் சுற்றிவிடுவாள். இனி தூக்க வேண்டியது அவர். முருகனுக்கும் குறையில்லை, வேலூர்ப் படிப்புக்கும் குறையில்லை.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை என்ன சொன்னபடி கேட்கிறதா? அவருடைய கையைச் சொல்லவில்லை, ரத்தினம்மாளுடைய கையைத்தான் சொல்கிறேன். உருண்டையைப் பிடித்ததும் அது பாட்டுக்குக் கிளம்பி அவர் வாய்க்குப் போய்விடும். "அம்மா, நீங்க தூக்கறீங்க" என்பாள் யூனிஸ். "இல்லியே." "தூக்கறீங்க, முழங்கைய தளர்த்துங்க." தளர்த்தினால் கை தட்டிலேயே கிடக்கும், அவர் முகம் சிவக்கும், நெற்றியில் வேர்க்கும், சோறு ஆறிப்போகும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அத்தனை பாடு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யூனிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது ஓய்வுக்காக இல்லை, தானாக நீளும் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் என்பதும் புரிந்தது. புரிந்தாலும் வெளியே சொல்லவில்லை. ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

நாட்கள் ஓடின. இரண்டு கையும் சேர்ந்துதான் போய் வந்தன. அதில் யார் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. ரத்தினம்மாளுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த ரோடு முழுக்கக் காவடி. பம்பைச் சத்தம் ஜன்னல் கம்பியில் அதிர்ந்தது. மத்தியானச் சோறு மடியில் இருக்க, ரத்தினம்மாள் ஒரு உருண்டையைப் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் ஒன்று பூக்காவடியோடு ஆடிக்கொண்டு போனது. சாமந்தியும் அரளியுமாகக் கண் கொள்ளாத அழகு. "அரோகரா" என்று கூட்டத்தோடு சேர்ந்து சொல்லி, இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த காவடியும் வந்து போகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏதோ ஈரமாக விரலில் பட்டது. திரும்பினாள்.

அவள் கை தட்டில் இல்லை. கோதண்டத்தின் வாயருகே இருந்தது. அதில் இருந்த உருண்டையைக் காணோம். அவர் மென்றுகொண்டிருந்தார்.

அவளுக்குத் தூக்கிய ஞாபகமே இல்லை. அவள்தான் காவடியில் இருந்தாளே. "இன்னாங்க, நீங்களா தூக்கினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோதண்டம் அவசரப்படாமல் மென்று விழுங்கினார். கோணிய வாயைச் சரிசெய்துகொண்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னார். "உன்... கை... ரொம்ப... கனம்."

ரத்தினம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, அழுகை திரும்பச் சிரிப்பாயிற்று. நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த பாரமெல்லாம் இறங்கி, உடம்பே இலேசாகிவிட்டது. கதவோரம் யூனிஸ் நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. "இன்னொரு தடவ தூக்கச் சொல்லுங்கம்மா, நான் சரியா பாக்கல" என்றாள். பொய். எல்லாம் பார்த்திருந்தாள். கோதண்டம் இன்னொரு தடவையும் தூக்கினார்.

மண்டலம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி மலைக்குப் போனார்கள். தரிசனம் ஆயிற்று. மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டது கோதண்டத்தின் வலது கை. விரல் நடுங்கியது, ஆனால் குறி தப்பவில்லை. டீ ஆற்றும் உயரத்துக்குக் கை இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ரத்தினம்மாள் வெளிப் பிராகாரத்தில் ஒரு ஓரமாக அவரை உட்கார வைத்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்து எதிரில் வைத்தாள்.

அவர் கையை விட்டு எடுத்தார். கை பாதி தூரம் வந்து தடுமாறியது. கொஞ்சம் சட்டையில் சிந்தியது. ரத்தினம்மாளின் கை, பழக்க தோஷம், தானாகவே கிளம்பிவிட்டது. சட்டென்று இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிப்பட்டுக்கார அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்மா, கை வராத மனுஷன் இந்தப் பாடு படறாரு. ஒரு வாய் ஊட்டிவுடாம, பொண்டாட்டி கைய கட்டிகினு நின்னு வேடிக்கை பாக்கறியே" என்றாள்.

"ஆங், அதுக்குத்தாம்மா நிக்கறேன்" என்றாள் ரத்தினம்மாள்.